மூவாயிரத்து நூறு ரூபாயும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும்

குக்கு வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இதை எழுதும்போது கட்டிலுக்கு அடியில் என் இடது கால் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறது, வலது கால் செருப்பு போன வாரமே காலி. நாய் வளர்ப்பைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், முதல் மாதத்தில் வேண்டாததை எல்லாம் வாங்கிக் குவித்து, வேண்டியதை வாங்காமல் விட்டவன் என்ற தகுதி மட்டும்தான். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிற இரண்டு பேர் குட்டி எடுக்கப் போகிறார்களாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய்ச் சேர்வதற்குள் தினமும் இதே பேச்சு. ஒரே தடவையாக எழுதிவிட்டால் எனக்கும் பஸ்ஸில் கொஞ்சம் தூங்கக் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் பக்கம் நண்பனுடைய மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிற நாட்டு நாய் பங்குனியில் ஆறு குட்டி போட்டது. முப்பத்தெட்டாவது நாள் நான் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டேன். முதல் தப்பு அதுதான். எட்டு வாரமாவது தாயோடு விட்டிருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடித்தான் கற்றுக்கொள்ளும், அந்தப் பாடத்தை இது என் முழங்கையில் படித்தது. பெயர் வைத்தது எதிர்வீட்டு அக்கா. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அதில் குக்கபில்லா என்றால் நாய்க்குட்டி. குட்டியைப் பார்த்ததும் "ஐயோ, குக்கபில்லா!" என்று தூக்கிக் கொஞ்சினார், நாங்கள் யோசித்து வைத்திருந்த பெயரெல்லாம் அத்தோடு போச்சு.

அன்று சாயந்திரமே டவுனில் ஒரு பெட் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரர் "முதல் நாயா சார்?" என்று கேட்டார், நானும் பெருமையாக ஆமாம் என்றேன். அந்த ஆமாமுக்கு விலை 3,100 ரூபாய். பஞ்சு மெத்தை, மணி வைத்த கழுத்துப்பட்டை, அமுக்கினால் கத்துகிற வாத்து, ஷாம்பு, கால்சியம் சிரப், தோலில் செய்த எலும்பு, பிளாஸ்டிக் தட்டு இரண்டு, அப்புறம் இரண்டு கிலோ பெடிகிரி. பெடிகிரி என்றால் அந்தக் கம்பெனி என்று நினைக்க வேண்டாம். வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன மாதிரி எங்கள் ஊரில் எந்த நாய்த் தீனிக்கும் அதுதான் பெயர். பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து, அதிலிருந்து அள்ளி, கவரில் போட்டு, எடை போட்டுக் கொடுப்பார்கள். லூஸில் வாங்கினால் கிலோவுக்கு நாற்பது, ஐம்பது குறையும். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இதில் என்ன கோளாறு என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. கவரில் எதுவுமே எழுதியிருக்காதே. எப்போது தயாரித்தது, எத்தனை மாதக் குட்டிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை கிராம், ஒன்றும் கிடையாது. திறந்து வைத்த மூட்டையில் காற்றுப் பட்டுப் பட்டுத் தீனியில் இருக்கிற கொழுப்பு சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும், எறும்பும் பூச்சியும் வேறு. கால்நடை டாக்டர் மேடம் கேட்டதால் திரும்பப் போய் மூட்டையைப் பார்த்தேன், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் அடல்ட் என்று இருந்தது. ஒன்றரை மாதக் குட்டிக்குப் பெரிய நாயின் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அமெரிக்காவில் ஆஃப்கோ என்று ஓர் அமைப்பு போட்டுவைத்த அளவைத்தான் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதன்படி ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்கிற குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும், வளர்ந்த நாய்க்கு 18 போதும். கால்சியம், பாஸ்பரஸ் எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு. ஆகவே பையில் பப்பி என்று இருக்கிறதா, கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு, அதாவது எல்லாச் சத்தும் அளவாகச் சேர்ந்த முழுத் தீனி, என்று இருக்கிறதா, தேதி என்ன என்று மூன்றையும் பார்த்துவிட்டு, சின்னப் பையாக, சீல் உடைக்காததாக வாங்குங்கள். முன்பக்கம் பளபளவென்று ஓடுகிற நாயின் படம் எந்த விவரமும் சொல்லாது, பின்பக்கம்தான் சொல்லும்.

கடைக்காரர் கொடுத்த அந்தக் கால்சியம் சிரப்பும் வீண். குட்டிக்கான முழுத் தீனி போடும்போது அதில் கால்சியம் கணக்காகவே இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால் எலும்பு பலமாகாது, கோணலாக வளரும் வாய்ப்புதான் உண்டு. லேப்ரடார், ராட்வீலர் மாதிரிப் பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இது ரொம்பவே ஆபத்து என்று மேடம் சொன்னார்.

டாக்டரிடம் போனது ஏன் என்று சொல்லவில்லையே. பால்தான் காரணம். வந்த முதல் ராத்திரி குட்டி விடாமல் அழுதது, பாவம் தாய்ப்பால் ஞாபகம் போல என்று ஒரு டம்ளர் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி வைத்தேன், நக்கி நக்கிக் குடித்தது, விடிந்து பார்த்தால் ஹால் முழுக்கப் பேதி. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலை விட இரண்டு மடங்குக்கு மேல், பால்சர்க்கரையோ குறைவு. பால்குடி மறந்த குட்டிக்கு அந்தச் சர்க்கரையைச் செரிக்கிற சக்தியும் குறைந்துகொண்டே வரும். இரண்டு கிலோ முன்னூறு கிராம்தான் எடை, அந்த உடம்பு பேதியை எத்தனை மணி நேரம் தாங்கும்? பேதியோடு வாந்தி, ரத்தம், சோர்ந்து படுப்பது என்று எது சேர்ந்தாலும் பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோயாக இருக்கலாம், வீட்டு வைத்தியம் செய்து பார்க்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றார்கள். நல்ல வேளை, இதற்கு வெறும் பாலும் பூச்சியும்தான். பூச்சி மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மறுநாள் வெளியே வந்ததைப் பார்த்தேன். வெள்ளையாக, சுருள் சுருளாக, அசல் சேமியா. அம்மா அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் பாயசம் வைக்கவில்லை.

தடுப்பூசிக்கும் அங்கேயே அட்டை போட்டார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்றாவது மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. அது முடிகிற வரை தெருவில் இறக்கவே கூடாது, பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

சரி, பப்பி பை வாங்கியாச்சு. பழைய தீனியை ஒரே நாளில் நிறுத்தாமல் ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கூட்டி மாற்றினேன், அதில் தப்பு செய்யவில்லை. அளவில் செய்தேன். பையின் பின்னால் அட்டவணையில் 120 கிராம் என்று போட்டிருந்தது. எங்கள் காபி டம்ளரில் தலை தட்டி அளந்தால் 60 கிராம் பிடிக்கிறது, அப்படியானால் வேளைக்கு இரண்டு டம்ளர் என்று மூன்று நாள் போட்டேன். வயிறு பலாக்காய் மாதிரி ஆனது. நான்காவது நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், 120 கிராம் ஒரு நாளைக்கு! அதை நாலாகப் பிரித்தால் வேளைக்கு அரை டம்ளர், அவ்வளவுதான். இன்னொன்று, சில பைகளில் அட்டவணை இப்போதைய எடைக்கு இருக்கும், சிலவற்றில் வளர்ந்து முடித்தபின் வரப்போகிற எடைக்கு இருக்கும். எது என்று படித்துவிட்டு அளக்கவும். நான் அதற்கப்புறம் சமையல் தராசு ஒன்று வாங்கினேன். "நாய்க்குத் தராசு வெச்சு சோறு போடறவன இப்பதான்டா பாக்கறேன்" என்று அம்மா பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் நான் ஒரு வேளை, நடுவில் அம்மா இரண்டு வேளை, ராத்திரி நான். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் போட்டால் பல் முளைக்கிற வாய்க்குச் சுலபம்.

கிரேவி பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம்தான் என்று பார்த்துவிட்டு ஒரு நண்பன் அது ஏமாற்று வேலை என்றான். அப்படியில்லை. அதில் நூற்றுக்கு எண்பது தண்ணீர். மீதி இருபதில் எட்டு என்றால் உலர்ந்த கணக்கில் 40 சதவீதம். உலர் தீனியில் ஈரம் பத்துதான், ஆகவே அதில் போட்டிருக்கிற 24 என்பது 27-க்குப் பக்கம் வரும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பாக்கெட் கட்டுப்படியாகாது என்பதால் நான் வாங்குவதில்லை.

இனி ராகிக் களி. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரன் நாய் வளர்த்தால் இந்தச் சண்டை வந்தே தீரும். "எங்கப்பா வீட்ல எல்லா நாயும் களி தின்னுதான் பன்னெண்டு வருசம் இருந்துச்சு, ராகில இல்லாத சுண்ணாம்புச் சத்தா?" என்பது அம்மாவின் வாதம். ராகியில் கால்சியம் இருப்பது நிஜம், நூறு கிராமில் முன்னூறு மில்லிகிராமுக்கு மேல். ஆனால் புரதம் ஏழு சதவீதம் சுமார்தான். அந்தக் காலத்து நாய் களியோடு நின்றதா என்ன, எலி, ஓணான், ஆட்டுக் குடல் என்று வெளியே போய்க் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டது. பூட்டிய கேட்டுக்குள் வளர்கிற குக்குவுக்கு அந்த வசதி இல்லை. வெறும் தயிர்சாதம் போடுகிற வீடுகளுக்கும் இதையே சொல்வேன். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால் அதுவும் முடியும், ஆனால் கறி, முட்டை, எண்ணெய், கால்சியம் எல்லாவற்றுக்கும் அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் மேடம். எனக்கு ஷிஃப்டு வேலையில் அது ஆகாது. பை தீனியே பிரதானம், மேற்கொண்டு கொடுப்பது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்று ஒப்பந்தம் போட்டோம். அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் அம்மா தினமும் நெல்லிக்காய் அளவு களி உருட்டிப் போடுகிறார், குக்கு அதை மெல்லாமல் விழுங்குகிறது, இருவருக்கும் திருப்தி.

கொடுக்கவே கூடாதவற்றில் எங்கள் வீட்டில் கஷ்டமாக இருந்தது வெங்காயம். வெங்காயமும் பூண்டும் வேகவைத்தாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஆக மிச்சக் குழம்பு எதுவும் கிடையாது. திராட்சை, பாயசத்தில் போடுகிற உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் சேர்க்கிற சைலிட்டால் எல்லாம் விஷம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். இதெல்லாம் எங்கும் படிக்கலாம், மாங்கொட்டையை யாரும் சொல்லவில்லை. ஆனி மாதம் எங்கள் ஊரில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் சப்பிப்போட்ட கொட்டை கிடக்கும். தித்திப்பு வாசனைக்குக் குட்டி கவ்விக்கொள்ளும், உடைந்த கொட்டையோ முழுக் கொட்டையோ குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான். குக்கு ஒரு பெங்களூரா கொட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு ஓடியது, நான் லுங்கியோடு பின்னால் ஓடினேன், அதிகம் விவரிக்க விரும்பவில்லை. இப்போது மூடி போட்ட பக்கெட்டில்தான் கொட்டை.

தண்ணீர் நாங்கள் குடிக்கிற ஒகேனக்கல் தண்ணீர்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தானே அந்தக் கூட்டுக்குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது. மனுசன் பல்லுக்கு ஆகாத தண்ணீரை வளர்கிற குட்டிக்கு எதற்கு வைக்க வேண்டும்?

உண்ணிக்கு வருகிறேன், இது முக்கியம். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை ஒரு மூடி கலந்து குளிப்பாட்டச் சொல்லி எனக்கு மூன்று பேர் யோசனை சொன்னார்கள், மூன்று பேரும் நல்லவர்கள். செய்யாதீர்கள். குட்டி உடம்பை நக்கும், தோல் வழியாகவும் இறங்கும், செத்துப்போகும். வயதையும் எடையையும் சொல்லி டாக்டரிடம் ஸ்பிரே வாங்குங்கள். தரையைத் துடைக்கிற ஃபினாயிலும் காலில் ஒட்டி வாய்க்குத்தான் போகிறது, நன்றாகக் காய்ந்த பிறகு விடுங்கள்.

வாங்கிய சாமான்களின் கதி என்ன என்றால், மெத்தையின் பஞ்சு மூன்றாம் நாள் ஹாலில் பறந்தது. வாத்தின் வயிற்றிலிருந்த பீப்பியை விழுங்குவதற்குள் பிடுங்கினேன். தோல் எலும்பு ஊறி வழவழவென்று தொண்டையில் மாட்டப் பார்த்தது, குப்பைக்குப் போனது. மணிச் சத்தத்தில் நாங்கள் யாரும் தூங்கவில்லை, இப்போது சாதாரணப் பட்டை, இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டு. பிளாஸ்டிக் தட்டைக் கடித்தே தின்றுவிட்டது. பாத்திரக் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கிய அடி கனத்த எவர்சில்வர் கிண்ணம் மட்டும் நிற்கிறது. படுக்கை, கோணியை மடித்து அதன் மேல் அம்மாவின் பழைய நூல் புடவை. ஈறு நமைச்சலுக்கு நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த துண்டு, அதைக் கடித்துக்கொண்டு கிடக்கும் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

குட்டிக்குப் பால்பல் 28, ஏழு மாதத்துக்குள் எல்லாம் விழுந்து 42 முளைக்குமாம். முக்கால்வாசி அதுவே விழுங்கிவிடும், நம் கண்ணில் படாது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா புடவையை உதறும்போது ஒன்று விழுந்தது. அரிசி நுனி அளவுதான், ஆனால் ஊசி மாதிரி. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து கொஞ்சம் சாணி எடுத்து வரச் சொன்னார். எனக்குச் செய்த மாதிரியே உருட்டி, பல்லை நடுவில் வைத்து மூடி, கூரை மேல் எறிந்தார். குக்கு அதைப் பந்து என்று நினைத்துச் சாயந்திரம் வரை கூரையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.