நகரத் திட்டமிடல் படிக்க வருகிறீர்களா? எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி

முதுநிலைப் படிப்பின் முதல் பருவத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு சாலைச் சந்திப்பைக் கொடுத்து, நெரிசலுக்குத் தீர்வு சொல்லச் சொன்னார்கள். நான்கு பேர் நான்கு மூலையில் நின்று, காலை 8 முதல் 10 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு தாள் என்று வாகனங்களை எண்ணினோம். பிறகு ஒவ்வொரு வாகனமும் சாலையில் எத்தனை காருக்குச் சமம் என்று பார்த்து, எல்லாவற்றையும் கார் அலகுக்கு மாற்றினோம். இரு சக்கர வாகனம் அரை, கார் ஒன்று, பேருந்து மூன்று. மதிப்பீட்டு நாளில் வரைபடங்களை ஒட்டி, மேம்பாலம் வேண்டும் என்று முடித்தோம். மதிப்பிட வந்த பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்தச் சந்திப்பை ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. மறுநாள் அதே மூலைகளில் நின்று ஆட்களை எண்ணினோம். 60 பேர் இருந்த பேருந்து எங்கள் அட்டவணையில் மூன்று கார். அந்த மூன்று காரிலும் சேர்த்து நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். நடந்து கடந்தவர்களுக்கு அட்டவணையில் இடமே இல்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தோம். எதை எண்ணுவது என்று முதல் நாள் எடுத்த முடிவுதான் எங்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டது. அன்றிலிருந்து எந்த முறையைப் படித்தாலும், இது யாரை எண்ணுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று கேட்ட பிறகே உள்ளே போகிறேன். நீங்களும் அப்படிப் படித்தால் பாதிப் பாடம் தானாகவே புரியும்.

பயணத் தேவையைக் கணிக்க உதவும் நான்கு படி மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் மிரள்வது இதில்தான். ஒரு பகுதியிலிருந்து எத்தனை பயணங்கள் கிளம்புகின்றன, அவை எங்கே போகின்றன, எதில் போகின்றன, எந்த வழியில் போகின்றன: நான்கு படி என்பது இந்த நான்கு கேள்விகள்தான். 1950களில் அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலைகளைத் திட்டமிடும்போது வளர்ந்த முறை இது. சாலை அகலத்தைப் பற்றி நிறையச் சொல்லும் இந்த முறை நடைப்பயணத்தைப் பற்றி ஏன் அதிகம் சொல்வதில்லை என்பதற்கு இந்தப் பிறப்பே ஒரு காரணம். தேர்வில் கணக்கோடு இதையும் இரண்டு வரி எழுதுங்கள்.

மூன்றாவது படியான பயண முறைத் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1972-இல் பார்ட் (BART) என்ற நகர ரயில் தொடங்குவதற்கு முன், 15 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்துவார்கள் என்பது அதிகாரப்பூர்வக் கணிப்பு. தனிமனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலிருந்து கணக்கிட்ட டேனியல் மெக்ஃபேடன் குழு 6.3 சதவீதம் என்றது. நடந்தது 6.2. மெக்ஃபேடனுக்கு 2000-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. நேரம், செலவு போன்றவற்றை வைத்து ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் லாஜிட் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல், ஒரு பேருந்து, ஒரு கார், இரண்டுக்கும் நேரமும் செலவும் என்று வைத்துக் கையால் பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். மென்பொருள் அப்புறம் வரட்டும்.

காத்திருப்பு நேரத்தையும் இப்படித்தான் கற்றேன். 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் என்று பாடத்தில் இருக்கும். நிறுத்தத்தில் போய் நின்றால் இரண்டு பேருந்துகள் ஒட்டி வரும், பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. இடைவெளி 2, 18, 2, 18 என்று மாறி மாறி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி இப்போதும் 10தான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் நிறுத்தத்துக்கு வந்து சேர்வார்கள். அதனால் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம் ஆகிவிடும். ஒரு பேருந்துகூடக் குறையவில்லை, ஆனால் பயணி மூன்று நிமிடத்துக்கு மேல் இழக்கிறார். பேருந்து வாங்குவதைப் பற்றி மட்டும் பேசும் கொள்கை அறிக்கைகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும்.

கொள்கைப் பாடத்தின் தேர்வுத் தாளில் நெரிசல் கட்டணம், அதாவது நெரிசலான பகுதிக்குள் வண்டி ஓட்ட வாங்கும் கட்டணம், தவறாமல் வரும். லண்டன், 2003, 5 பவுண்டு என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமை விரிவாகப் படியுங்கள். அங்கே 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை சோதனை ஓட்டம் நடந்தது. கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முன்பு நகரவாசிகளில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள், செப்டம்பர் வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள், 2007-இல் திட்டம் நிரந்தரமானது. பலர் எழுதாமல் விடும் ஒரு விவரம் உண்டு: கட்டணம் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகளை இயக்கத் தொடங்கிவிட்டார்கள். காரை விடச் சொல்வதற்கு முன் வேறு வழி கொடுத்தார்கள். இந்த வரிசையை எழுதினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

சாலையை அகலமாக்கினால் புதிய பயணங்கள் வந்து நிரப்பும் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அதற்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடக்கலையிலிருந்து வருகிறவர்கள் புள்ளியியலை முதல் மாதத்திலேயே பிடித்துவிடுங்கள். பொறியியலிலிருந்து வருகிறவர்கள் நில உரிமை, சட்டம், உள்ளாட்சி நிதி ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டு மூன்றாம் பருவத்தில் மிகவும் திணறினேன்.

ஆய்வேட்டுக்கு ஒரு நகரம் முழுவதையும் எடுக்காதீர்கள், ஒரு பேருந்துத் தடம் போதும். அலுவலகங்களிலிருந்து தரவு வர மாதக்கணக்கில் ஆகலாம். எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது, அதற்குள் பாதி ஆய்வேடு என் சொந்தக் கணக்கெடுப்பிலேயே எழுதி முடிந்திருந்தது. தரவு கேட்டு, வழிகாட்டி கையெழுத்திட்ட கடிதத்தை முதல் வாரத்திலேயே அங்கே கொடுத்துவிட்டு, ஒரு தாளும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போய்விடுங்கள்.