அழுத்திப் பிடிங்க

"டாக்டர், ஷாக் போகலை."

"பட்டனை அழுத்திப் பிடிங்க."

இதில் இரண்டாவது வரி என்னுடையது. இன்னும் உறுத்துவதும் அதுதான். ஒரு நிமிடம் முன்புவரை அது சரியான பதில். நாடியோடு இருந்த வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியாவுக்கு (இதயத்தின் கீழறைகள் மிதமிஞ்சிய வேகத்தில் துடிப்பது), டிஃபிப்ரிலேட்டர் என்ற மின் ஷாக் மெஷினில் சிங்க் போட்டு, அதாவது ஷாக்கை இதயத் துடிப்போடு இணைத்து, 100 ஜூல் கொடுத்திருந்தோம். சிங்க்கில் பட்டனை அழுத்தியதும் ஷாக் பாயாது. மெஷின் அடுத்த ஆர் அலை (ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் எழும் கூர்முனை) வரும்வரை பொறுத்திருந்து, அதன்மேல்தான் பாய்ச்சும். விரலை எடுத்துவிட்டால் போகாது. அதனால்தான் அழுத்திப் பிடிக்கச் சொல்வது.

அந்த 100 ஜூலுக்குப் பிறகு ரிதம் ஃபிப்ரிலேஷனாக, இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலையாக, மாறியது. நாடி இல்லை. நெஞ்சை அமுக்கும் கம்ப்ரஷன் தொடங்கியது, 200 ஜூல் சார்ஜ் ஏறியது, எல்லோரும் விலகினார்கள், பட்டன் அழுத்தப்பட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

ஃபிப்ரிலேஷனில் ஆர் அலையே கிடையாது. திரையில் ஓடுவது தாறுமாறான நெளிவு. சிங்க் அணையாத மெஷின் வராத அலைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். சில மாடல்கள் ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் தாமாகவே சிங்க்கிலிருந்து வெளியே வந்துவிடும். சில, நாம் அணைக்கும்வரை சிங்க்கிலேயே இருக்கும். அன்று கையில் இருந்தது இரண்டாவது வகை. பழகியிருந்தது முதல் வகை. இதைக் காரணமாகச் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் திரையின் மேல் ஓரத்தில் 'சிங்க்' என்ற எழுத்து எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த நேரத்தில் கண் போகும் இடம் இரண்டே இரண்டு: அலை, ஜூல் எண். மூலையில் எரியும் எழுத்தை யாரும் படிப்பதில்லை.

சிங்க்கை மறந்ததைக்கூட மன்னித்துக்கொள்ள முடிகிறது. அந்தப் பதிலை முடியவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நோயாளியை யாரும் தொட முடியாது. அதாவது, என் வார்த்தை நெஞ்சிலிருந்து எல்லாக் கைகளையும் விலக்கியே வைத்திருந்தது. கம்ப்ரஷன் நின்ற சில நொடிகளிலேயே இதயத் தசைக்கு ரத்தம் தள்ளும் அழுத்தம் சரிந்துவிடும். அதை மறுபடி ஏற்ற, பல முறை அமுக்க வேண்டும். ஷாக்குக்காகக் கையெடுக்கும் இடைவெளி 5 நொடிக்குள் முடிய வேண்டும் என்று பயிற்சியில் அடித்துச் சொல்வது இதனால்தான். ஷாக் போகவில்லையா, முதலில் கை நெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். மெஷினை இன்னொருவர் பார்க்கலாம். அங்கே அத்தனை பேரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சிங்க்கை அணைத்ததும் முதல் ஷாக்கிலேயே ரிதம் திரும்பியது, இரண்டு நிமிடக் கம்ப்ரஷனுக்குப் பிறகு நாடியும் கிடைத்தது. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லா மெஷினும் தானாக அணையும் வகையாக இருந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் நாடி இருப்பவருக்கு சிங்க் போட்டு ஷாக் கொடுக்கும் கார்டியோவெர்ஷனில் முதல் ஷாக் பலிக்காமல் இரண்டாவது தேவைப்பட்டால், சிங்க்கை மறுபடி போட வேண்டும். அதை மறந்து கொடுத்த ஷாக், துடிப்புக்குப் பின் இதயம் மீளும் நேரமான டி அலைமேல் விழுந்தால், நாடியோடு இருப்பவரை நாமே ஃபிப்ரிலேஷனில் தள்ளிவிடுவோம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க இதய மருத்துவர் பெர்னார்ட் லவுன் நேர்மின் (டிசி) ஷாக்கை அலையோடு இணைத்துக் கொடுத்தது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். தானாக அணைந்தால் ஒரு பிழை, அணையாவிட்டால் இன்னொன்று. நான் தானாக அணைவதன் பக்கம். அது நியாயமா, அன்றைய பயம் பேசுகிறதா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தினமும் காலையில் மெஷினைச் சோதிக்கிறோம். 30 ஜூல் சார்ஜ் ஏற்றி உள்ளேயே வெளியேற்றி, வந்த காகிதத்தை ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறோம். அன்று காலையும் அது தேறியது. இப்போது சிங்க் போடும்போது சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். அன்றும் 'சிங்க் ஆன்' என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். 'ஆஃப்' சொல்ல வேண்டியது யார் என்பதுதான் இன்றுவரை எங்கள் தாளில் எழுதப்படவில்லை.