ஏலத்துக்கு வராத குளங்கள்

ஒடிசாவில் ஊராட்சிக் குளங்களை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மீன் வளர்ப்பதற்காகக் குத்தகைக்குக் கொடுக்கும் திட்டம் 2018-19ஆம் ஆண்டில் தொடங்கியது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுபது விழுக்காட்டு மானியத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். வங்கியில் குழுக்கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்த எனக்கோ மானியத்தைவிடப் பெரிதாகப் பட்டது குத்தகைக் காலம். குழுவுக்குக் குளம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை கைவசம் இருக்கிறது. அதையும் ஏலத்தில் பணக்காரரோடு போட்டியிட்டு எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கூடுதல் தொகை கேட்டவருக்கே கண்மாய் என்பது அங்கே விதி. கையில் ரொக்கம் வைத்திருப்பவர்தான் கூடுதல் தொகை கேட்க முடியும் என்பதால், மாதச் சேமிப்பைக் கொண்டு நடக்கும் ஒரு மகளிர் குழு அந்தக் கூட்டத்தில் வாய் திறப்பதே அரிது. ஒரு பருவத்துக்கு மட்டும் குத்தகை எடுப்பவருக்கு அடுத்த பருவத்தைப் பற்றிக் கவலைப்பட எந்தக் காரணமும் இல்லை; குஞ்சை விடுவார், நீர் வற்றும்போது வலையை இழுத்து உள்ளதையெல்லாம் அள்ளுவார், போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குத்தகையின் அமைப்பே அப்படி.

மீன் வளர்ப்பில் செலவு முன்னால் வருகிறது, வரவு வெகுநாள் கழித்து வருகிறது. குளத்தில் முன்பே இருக்கும் விரால், கெளுத்தி போன்ற இரைபிடிக்கும் மீன்கள் புதுக்குஞ்சுகளைத் தின்றுவிடாமலிருக்க முதலில் அவற்றை அகற்ற வேண்டும். இதற்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ வரை இலுப்பைப் புண்ணாக்கு இடுவது நெடுநாள் வழக்கம். அதிலுள்ள நஞ்சு மீனைக் கொன்று, சில வாரங்களில் வீரியம் இழந்து, பிறகு அதே புண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடுகிறது. அடுத்துச் சுண்ணாம்பு, சாணம். இவையெல்லாம் சேர்ந்து நீரில் நுண்ணுயிர் மிதவைகளைப் பெருக்கிய பிறகே குஞ்சு விடுவது. அடுத்த ஆண்டு வேறொருவர் கைக்குப் போகப்போகும் குளத்தின் மண்ணுக்கு யார் இவ்வளவு செலவழிப்பார்கள்?

விடப்படுவது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று கெண்டைகள். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால் ஒரே குளத்தில் ஒன்றுக்கொன்று இடையூறு இல்லாமல் வளர்கின்றன. இக்கெண்டைகள் குளத்துத் தேங்கு நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆற்றிலிருந்துதான் குஞ்சு சேகரிக்க வேண்டியிருந்தது. மீன்வள அறிவியலாளர்கள் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுன்னியும் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஊசிவழி ஹார்மோன் செலுத்தி இக்கெண்டைகளை முட்டையிடச் செய்ததற்குப் பிறகே பண்ணைக் குஞ்சுகள் பரவலாயின. அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் நாள். குளத்தில் குஞ்சு விடும் ஒடிசாப் பெண்கள் தங்கள் மாநிலத்திலேயே பிறந்த ஒரு தொழில்நுட்பத்தின் பயனைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மோலா என்ற விரல் நீளச் சிறுமீன். இது களைமீன் என்று ஒதுக்கப்பட்டு, மேலே சொன்ன இலுப்பைப் புண்ணாக்கினால் மற்றவற்றோடு சேர்த்துக் கொல்லப்பட்டு வந்தது. வங்கதேசத்தில் ஆய்வு செய்த சகுந்தலா தில்ஸ்டெட், தலையும் கண்ணும் முள்ளுமாக முழுதாக உண்ணப்படும் இம்மீனில் வைட்டமின் ஏ பெரிய கெண்டைகளில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைக் காட்டி, இரண்டையும் ஒரே குளத்தில் வளர்க்கும் முறையை முன்வைத்தார். அவருக்கு 2021இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவர் பணியாற்றிய வேர்ல்ட்ஃபிஷ் என்ற மீன்வள ஆய்வு நிறுவனம் ஒடிசா அரசுடன் சேர்ந்து அங்குள்ள குழுக்களிடம் இதே முறையை எடுத்துச் சென்றது. அந்த வைட்டமினின் பெரும்பகுதி கண்ணிலும் குடலிலும் இருப்பதால், சமைக்கும்போது தலையைக் கிள்ளி எறிந்தால் மோலா வளர்த்ததன் பயன் பாதிக்கு மேல் போய்விடும். நம் மதுரைப் பக்கத்து அயிரையைத் தலையோடு குழம்பு வைப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்காது.

மோலா குளத்திலேயே இனம் பெருக்கும். ஆண்டுதோறும் குஞ்சு வாங்க வேண்டாம். குத்தகை நீண்டால்தான் அந்த லாபம் குழுவுக்கு வரும். இதில் நான் பார்க்கும் இன்னொரு நன்மை பணம் பற்றியது. குழுக்கடனுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். கெண்டையோ விற்கும் எடைக்கு வர எட்டு மாதமாவது ஆகும். இந்த இடைவெளியில் தவணைக்காக வெளியில் வட்டிக்கு வாங்கும் கதையைக் குழுக்களின் தீர்மானப் புத்தகங்களில் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. வாரம் ஒருமுறை கொஞ்சம் சிறுமீன் பிடித்தால் வீட்டுக்குக் குழம்புக்கு ஆகும், மிஞ்சியது கரையிலேயே விலை போகும். அறுவடைக்குப் பிறகே அசலைக் கட்டும்படி வங்கிகள் தவணையை மாற்றி வைத்தால் இன்னும் நல்லது. கையில் அதிகாரம் உள்ள மேலாளர்கள்கூட இதைச் செய்யத் தயங்குகிறார்கள் என்பதை உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எல்லாம் சீராக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஊராட்சிக் குளம் என்பது ஊரே குளிப்பதற்கும் மாடு கழுவுவதற்கும் உரியது. தண்ணீர் கெடுகிறது என்று யாராவது சொன்னால் உரமிடுவது நின்றுபோகும். இரவில் வீச்சுவலையோடு வருபவரைத் தடுக்கப் பெண்கள் முறை வைத்துக் காவல் இருக்க முடியாத ஊர்களும் உண்டு. பெரிய இழுவலையை இழுக்க ஆண்களைக் கூலிக்கு அழைத்தால், பிடித்த மீனில் ஒரு பங்கைக் கேட்பதும், எடை போடும் இடத்தில் அவர்களே நிற்பதும் வழக்கமாகிவிடுகிறது. குத்தகைப் பத்திரத்தில் குழுவின் பெயர் இருந்து, தராசு கணவன்மார் கையில் இருந்தால் அதை மகளிர் தொழில் என்று நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். மோலாவைப் பிடிக்க வங்கதேசத்தில் பெண்கள் பயன்படுத்தும் சிறிய செவுள் வலை இந்தச் சிக்கலைக் கொஞ்சம் குறைக்கிறது. கரையோரத்தில் ஒருவரே கட்டி எடுத்துவிடலாம்.

நம் மாநிலத்தில் சுய உதவிக் குழுக்கள் 1989இலேயே தருமபுரியில் தொடங்கிவிட்டன. குழுக்களுக்குப் பஞ்சமில்லை, ஊருணிகளுக்கும் பஞ்சமில்லை. கண்மாய்கள் அனைத்தையும் கொடுக்கச் சொல்லவில்லை. ஊராட்சியின் கையிலுள்ள சிறு குளங்களையாவது பொது ஏலத்திலிருந்து விலக்கி, நியாயமான ஒரு தொகையை நிர்ணயித்து, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். நீர் நில்லாத ஆண்டில் குத்தகைத் தொகையைத் தள்ளுபடி செய்யும் ஒரு வரியையும் அந்தப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். ஒடிசாவைவிட மழை பொய்க்கும் நம் ஊருக்கு அது இன்றியமையாதது.