ட்ரக்டருக்கு வேண்டாம், சின்ன வண்டிக்கு எல்லாம் வேண்டும்

கனடாவில் நான் வேலை செய்யும் மரக்கறித் தோட்டத்தின் கொட்டகையில் இரண்டு வாகனங்கள் நிற்கின்றன. ஒன்று பெரிய ட்ரக்டர். அதன் பின்சில்லு என் தோளுக்கு மேலே நிற்கும். மற்றதை எல்லோரும் ‘சைட் பை சைட்’ என்கிறார்கள். இரண்டு பேர் அருகருகே இருக்கலாம். கார் போல ஸ்டியரிங், ஆசனப் பட்டி, தலைக்கு மேலே இரும்புக் கூடு, பின்னால் உரமூட்டையும் தண்ணீர்க் குழாயும் போட ஒரு சிறிய பெட்டி.

ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தப் பெரிய ட்ரக்டரைப் பொது வீதியில் ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 16 வயது ஆகியிருந்தால் சரி. இலக்கத் தகடும் கேட்கமாட்டார்கள். மெதுவாகப் போகும் வாகனம் என்று காட்டும் செம்மஞ்சள் முக்கோணத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கலாம். சிறிய வண்டிக்கோ அனுமதிப்பத்திரம், பதிவு, இலக்கத் தகடு, காப்புறுதி, தலைக்கவசம் என்று ஒன்றும் குறையக்கூடாது.

மாசி மாதத்தில், பெரும்போக அறுவடை நேரம் இலங்கையில் திருகோணமலைப் பக்கம் உள்ள எங்கள் ஊரான தம்பலகாமத்துக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: “அந்தப் பெரிய சாமானுக்கு ஒன்றும் வேண்டாம், சின்னதுக்கு எல்லாம் வேண்டுமா? சட்டம் எழுதியவன் வயல் பக்கம் போயிருக்கிறானா தம்பி?”

போயிருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். அந்த மாகாணத்தின் வீதிச் சட்டத்தில் விவசாய ட்ரக்டர் ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கிலேயே வராது. அது வயலில் வேலை செய்யப் பிறந்தது, ஒரு காணியிலிருந்து இன்னொரு காணிக்குப் போக மட்டும் வீதியைத் தொடுகிறது என்பது எண்ணம். சைட் பை சைட் அப்படியல்ல. அதில் விவசாயியும் போவான், ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் சேறு தெறிக்க ஓட்ட ஆசைப்படும் இளைஞனும் போவான். அதற்கு வீதிக்கு வெளியே ஓடும் வாகனங்களுக்கென்று தனிச் சட்டம் உண்டு. 2015 ஜூலை 1 வரை இந்த வகை வண்டிக்கு ஒன்ராறியோவின் பொது வீதிகள் பெரும்பாலும் மூடியே இருந்தன. அன்றுதான் ஒழுங்குவிதியைத் திருத்தி வழிவிட்டார்கள். சொந்தக் காணிக்குள் உரிமையாளர் ஓட்டினால் தகடும் வேண்டாம், காப்புறுதியும் வேண்டாம். படலையைத் தாண்டிச் சில்லு வீதியில் பட்ட கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது.

ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். “கனடாவுக்கு வந்தும் உழவு இயந்திரமா?” என்று என் மச்சான் இன்னும் கேட்கிறான். அவன் நாள்தோறும் 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வேலைக்குப் போகிறவன். அவனிடம் நான் வாதாடுவதில்லை. நான் இருப்பது ஹூரோன் ஏரிப் பக்கம். வயலுக்கு நடுவே வாய்க்கால் போலக் கிறவல் வீதிகள், சோளம், சோயா, இடையிடையே பால்பண்ணை. கிழக்கே வாட்டர்லூப் பகுதிக்குப் போனால் மெனோனைட் என்ற பழமை பேணும் கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களின் குதிரை வண்டிகள் அதே செம்மஞ்சள் முக்கோணத்தோடு வரும். மாட்டுவண்டிக்குப் பின்னால் பொறுமையாகப் போய்ப் பழகிய எனக்கு அந்தக் காட்சி புதிதாக இல்லை.

எங்கள் தோட்டம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. நடுவில் பொது வீதி. அந்தத் துண்டு வீதிக்காகத்தான் இவ்வளவு கதையும். ஓட்டுபவரிடம் குறைந்தது ஜி2 அல்லது எம்2 அனுமதிப்பத்திரம், அதாவது காருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ பழகுநர் நிலையைத் தாண்டிய அனுமதிப்பத்திரம், இருக்கவேண்டும். இருவருமே தலைக்கவசம் போட்டு, பட்டியும் பூட்டவேண்டும். மேலே கூடு இருக்கிறதே என்ற சாட்டு செல்லாது. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றக்கூடாது. பகலிலும் விளக்கு எரியவேண்டும். வேகம்தான் புதிதாக வருபவரைக் குழப்பும்: வீதியின் எல்லை மணிக்கு 50 கிலோமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் நாம் 20 இல் போகவேண்டும், 80 வீதி என்றால் நமக்கு 50. ஊருக்குள் ஊர்ந்து, வெளியே வந்ததும் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

இருக்கவேண்டிய இடம் வீதியின் தோள்பட்டை, அதாவது தாருக்கு வெளியே உள்ள கிறவல் ஓரம். அது ஒடுங்கியிருந்தாலோ மறிபட்டிருந்தாலோதான் தாரில் ஏறலாம். சிக்கல் இடப்பக்கம் திரும்பும்போது வருகிறது. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே இடப்பக்கம் திரும்புவது சும்மா வேலை. அங்கே வலப்பக்க ஓட்டம். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து தாருக்கு ஏறி, பின்னால் வருபவனை மறிக்காமல் பாதையின் இடப்புறத்தைப் பிடித்து, எதிர்ப்பக்கத்தையும் பார்த்து, அதன்பிறகே வெட்டவேண்டும். எங்கள் வண்டியில் சிக்னல் விளக்கு இல்லை. இடக்கையை வெளியே நீட்டிக் காட்டுவேன். புரட்டாதியில் சோளம் ஆளுயரத்துக்கு மேலே நிற்கும், வளைவு தெரியாது. கண்ணாடியில் தானிய லொறி பெரிதாகிக்கொண்டே வரும். கிறவலில் கடகடவென்று அதிரும் ஸ்டியரிங்கை வலக்கை மட்டும் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் சந்தேகம் வந்தால் நான் ஓரத்தை விட்டு ஏறுவதே இல்லை. நின்று, லொறியைப் போகவிட்டு, பிறகுதான் ஏறுவேன். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக லொறிக்கு முன்னால் போய் நிற்க முடியுமா?

சித்தப்பா இதைக் கேட்டு லேசாகச் சிரித்தார். லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் பெட்டி கொழுவி, பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது இடப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் போகும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். பெட்டி பின்னாலிருந்து தள்ளுவதால் அப்படி. அது தெரியாதவன் வாய்க்காலுக்குள்தான் இறங்குவான். அவரிடம் முறையான அனுமதிப்பத்திரமும் உண்டு. இலங்கையில் பெட்டி கொழுவிய லான்ட்மாஸ்டருக்கு ஜி1 என்று தனி வகுப்பு. நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி. எந்த இயந்திரம் வயலில் இருந்து வீதிக்கு வரும் என்று நம் நாட்டுச் சட்டம் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஆனால் வீதியில் நடப்பது வேறு. அன்று பின்னேரம் நாங்கள் போன உள்வீதியில் பாதித் தாரை மறைத்து நெல் காய்ந்தது. இரண்டு பெண்கள் காலால் கோதிக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் லான்ட்மாஸ்டர், சைக்கிள், மாடு, நாங்கள். யாரும் யாரையும் ஏசவில்லை. இருட்டிய பிறகு விளக்கில்லாத பெட்டி கண்டி வீதியில் ஏறும்போது மட்டும் எனக்கு நெஞ்சு பதறியது. பெட்டியின் பின்பக்கம் ஒளி தெறிக்கும் தகடு ஒன்றாவது ஒட்டச் சொல்லி அவரிடம் சண்டை பிடித்தேன்.

கனடாக் கதையில் அவருக்குச் சட்டென்று விளங்கிய பகுதி ஒன்றுதான்: வீதி யாருடையது என்ற கேள்வி. தம்பலகாமம் சந்தியில் ஓடும் கண்டி வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது, உள்ளே போகும் வீதி பிரதேச சபையுடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே அது யாரிடம் போய்க் குழியை நிரப்பச் சொல்வது என்பதற்குப் பயன்படுகிறது. ஒன்ராறியோவில் என் வண்டி போகலாமா என்பதையே அது தீர்மானிக்கிறது. 401 போன்ற 400 வரிசைப் பெரிய நெடுஞ்சாலைகள் எங்களுக்கு அடியோடு இல்லை. உள்ளூர் வீதி என்றால் டவுன்ஷிப் எனும் உள்ளூர்ச் சபையின் துணைவிதியைப் பார்க்கவேண்டும். அதையே பல டவுன்ஷிப்புகள் அடங்கிய கவுன்டியின் வீதி குறுக்கிட்டால் கவுன்டியின் விதி. 2021 ஜனவரி முதல் ஒழுங்குவிதியில் பெயர் குறித்த உள்ளூராட்சிகளில் சபை தடைபோடாதவரை ஓட்டலாம். மற்ற இடங்களில் சபை அனுமதித்தால் மட்டுமே ஓட்டலாம். மாதத்தையும் நேரத்தையும்கூடச் சபை கட்டுப்படுத்தலாம். ஒரே கிறவல், ஒரே தூசி, நடுவில் ஒரு பெயர்ப்பலகை. அதற்கு இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் குற்றம். இதை நல்ல ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியாது. தலைக்கவசத்துக்கும் வேகத்துக்கும் காரணம் இருக்கிறது. பலகைக்குப் பலகை மாறும் சட்டத்தைத் தோட்டத்தில் வேலைக்கு வரும் புதியவன் எங்கே போய்த் தேடுவான்?

ஆனாலும் எழுத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விடயம். தொண்ணூறுகளில் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்வர எத்தனை சோதனைச் சாவடி என்பதை என் வயதுக்காரர் அறிவர். எந்தத் தாளைக் காட்டினாலும், காவலில் நிற்பவன் நினைத்தால் இன்னொன்று கேட்பான். ஒன்ராறியோவில் ஒருமுறை பொலிஸ் வாகனம் எங்கள் சைட் பை சைட்டை ஓரமாக நிறுத்தியது. பதிவுத் தாளையும் காப்புறுதியையும் பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். பார்த்தார், திருப்பித் தந்தார், போகலாம் என்றார். என் பக்கத்தில் இருந்த பையனுக்கு அது ஒன்றுமேயில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்து அடங்க நேரம் எடுத்தது.

அக்காவின் மகனுக்கும் இப்போது கனடா ஆசை. “என்னிடம் ஜி1 இருக்கிறது மாமா, அந்த வண்டியை ஓட்டலாம்தானே?” என்றான். ஒன்ராறியோவில் ஜி1 என்றால் எழுத்துப் பரீட்சையும் கண் சோதனையும் முடித்த பழகுநர். அதை வைத்துக்கொண்டு சைட் பை சைட்டை வீதியில் இறக்க முடியாது. காருக்கான வகுப்பை இங்கேயே எடு, உண்மையாக ஓட்டிப் பழகு, அந்த அனுபவத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு வா என்றேன். 12 மாத அனுபவத்தை ஏற்றுக்கொண்டால் காத்திருக்காமல் ஜி2 வீதிப் பரீட்சைக்குப் போகலாம். 24 மாதத்துக்கு மேல் என்றால் நேரே முழு அனுமதிப்பத்திரத்துக்கான ஜி பரீட்சை. ஒரு வருடத்தை மிச்சம்பிடிக்கும் கடிதம் அது. அவன் பயிற்சிப் பாடசாலையில் பதிந்துவிட்டான். வாட்ஸப்பில் அவன் கேட்பதெல்லாம் பனியில் வண்டி வழுக்குமா என்றுதான். நான் இடப்பக்கம் திரும்புவதைப் பற்றி எழுதி அனுப்புகிறேன்.