டைமிங்கைத் தொடும் முன் ஹெட்டுக்குள் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன்

புல்லட் 350 என் கைக்கு வந்த நாளிலிருந்தே அதற்கு ஒரு வியாதி. டாப் கியரில் மெதுவாக இழுத்தால் தட்டும். உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் பேரலை (பிஸ்டன் ஓடும் சிலிண்டரை) தட்டுவது போல ஒரு சத்தம். கிக்கரோ வாரம் ஒரு முறையாவது திருப்பி அடிக்கும். முழங்காலுக்குக் கீழே அந்த வலி வாங்கியவர்களுக்குத் தெரியும்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "டைமிங் அட்வான்ஸாக இருக்கிறது, பின்னால் தள்ளு." (பிளக்கில் பொறி விழும் நேரம்தான் டைமிங்; அது சீக்கிரம் விழுந்தால் அட்வான்ஸ்.) தள்ளினேன். தட்டல் குறைந்தது. ஆனால் வண்டியின் இழுவை போயிற்று, சைலன்சர் பைப்பின் வளைவு ஒரே நாளில் நீலம் பாய்ந்தது. பொறி தாமதமானால் எரிதல் முடியும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு பைப்பில் போய்விடும். மறுபடி முன்னால் கொண்டுவந்தால் தட்டல். இந்த முன்னும் பின்னும் ஆட்டத்திலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் கம்ப்ரஷன் பக்கம், அதாவது பிஸ்டன் கலவையை எவ்வளவு அமுக்குகிறது என்ற பக்கம், யோசனை போயிற்று. அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங்கும் வால்வும் பிடிக்கின்றனவா என்பது தெரியுமே தவிர, ரேஷியோ, அதாவது கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது, தெரியாது. அதற்கு அளந்தே ஆகவேண்டும்.

வண்டியைச் சாய்த்து, பிளக் ஓட்டை மேலே இருக்கும்படி நிறுத்தினேன். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் டாப்பில், அதாவது அது ஏறும் உச்சியில். பிஸ்டனுக்கு மேல் மிஞ்சும் இடத்தை அளக்க, மெல்லிய எண்ணெயை 10 மில்லி சிரிஞ்சால் ஊற்றினேன். தயங்கக் கூடாது, ரிங் வழியாக எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்கும். பிளக் மரை வரை நிரம்ப 52 மில்லி. மரைப் பகுதிக்கு 2 மில்லி கழித்தால் 50. மூன்று தடவை ஊற்றினேன், பெரிய வித்தியாசம் இல்லை. (ஊற்றிய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிளக் போடாமலே நாலு கிக் அடியுங்கள். மிச்ச எண்ணெயோடு பிளக்கைப் பூட்டிக் கிக் அடித்தால் கனெக்டிங் ராட் வளையலாம்.)

போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., ஆக 346 சி.சி. 346-ஐயும் 50-ஐயும் கூட்டி 50-ஆல் வகுத்தால் 7.9. இவ்வளவு பழைய இரும்பு எஞ்சினுக்கு அது அதிகம். ஹெட்டை (பேரலின் மேல் மூடியை) கழற்றினால் முகத்தில் புது மெஷின் கோடுகள். முன்பு யாரோ மட்டம் பார்க்கிறேன் என்று தாராளமாகச் சீவி, உள்ளே இடத்தைக் குறைத்திருக்கிறார்கள். கலவை நெருக்கமாக அமுங்கினால் வேகமாக எரியும். அதே டைமிங்கில் அழுத்தம் முன்னதாகவே உச்சத்துக்குப் போகும். டைமிங் மேல் பழி போட்டது அநியாயம்.

பேரலுக்கு அடியில் 1.5 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி வைத்தேன். இந்தப் போருக்கு 1 மி.மீ. உயரம் என்றால் 3.85 சி.சி., ஆக கிட்டத்தட்ட 5.8 சி.சி. இடம் கிடைத்தது. ரேஷியோ 7.2. பேரல் உயர்ந்ததால் புஷ்ராடுகளை (வால்வைத் திறக்க உதவும் கம்பிகளை) திரும்ப அட்ஜஸ்ட் செய்தேன்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

சரி, இப்போது டைமிங். முதலில் பாயிண்ட் கேப் (பாயிண்ட் என்பது திறக்கும்போது பொறியை உண்டாக்கும் சுவிட்ச்), 0.35 முதல் 0.40 மி.மீ. கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் முன்னால் ஓடும். அதனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. அடுத்து டாப் கண்டுபிடிப்பது. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த இடத்தில் கிராங்க் (பிஸ்டனால் சுழலும் தண்டு) 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் கூட இறங்காது. பிளக் ஓட்டையில் டயல் கேஜ் வைத்து, டாப்புக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு காட்டும் இரண்டு இடங்களைக் குறித்து, நடுவை எடுத்தேன். அங்கிருந்து 0.8 மி.மீ. முன்னால், ஏறத்தாழ 10 டிகிரியில், பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்டுக்குக் குறுக்கே ஒரு குட்டி பல்பு மாட்டி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். பல்பு எரிந்த கணத்தில் பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கிராங்கில் பாதி வேகத்தில்தான் சுற்றும். இங்கே ஒரு டிகிரி தப்பினால் கிராங்கில் இரண்டு டிகிரி.

தட்டல் அன்றே நின்றது. ஆனால் கிக்கர் இன்னொரு தடவை திருப்பி அடித்தது! பாயிண்ட் தட்டைக் கழற்றினால், அடியில் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் (வேகம் ஏற ஏற விரிந்து டைமிங்கை முன்னால் தள்ளுபவை) காய்ந்த கிரீஸில் ஒட்டி, விரிந்த நிலையிலேயே நின்றிருந்தன. நான் டைமிங் வைத்தபோது சுருங்கியிருந்தவை, ஓடி விரிந்த பிறகு திரும்பி வரவில்லை. ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புது ஸ்பிரிங் மாட்டி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.

இப்போது இரண்டாவது கிக்கில் எடுக்கிறது, டாப் கியரில் மெதுவாகப் போனாலும் சத்தமில்லை. வேகம் ஏறும்போது அட்வான்ஸ் முழுசாக விரிகிறதா என்று ஸ்ட்ரோப் விளக்கு (ஓடும் எஞ்சினில் டைமிங்கைக் காட்டும் மின்னல் விளக்கு) வைத்துப் பார்ப்பது மட்டும் பாக்கி.