வெள்ளிக்கிழமை பூட்டியிருந்த புதுக்கோட்டை மியூசியம்

காலை ஏழு மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, இட்லி சாப்பிட்டு, ஆட்டோ பிடித்துத் திருக்கோகர்ணம் போனால் மியூசியம் கேட்டில் பூட்டு.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைண்ணே, லீவு. நீங்க கோயிலுக்குப் போறீங்கன்னு நினைச்சேன்" என்றார் ஆட்டோக்காரர்.

அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை. தெரிந்த விஷயம்தான், கிளம்பும்போது ஞாபகம் வரவில்லை. வந்ததற்குக் கோயிலுக்குள் போய்ப் பிரகதாம்பாளைக் கும்பிட்டேன். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் இந்த அம்மனின் தாசர்கள் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள்.

சரி, மறுநாளைக்கு வைத்திருந்த சித்தன்னவாசலை அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். ஊரிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் இருக்கும். உச்சி வெயிலில் அந்தப் பாறை ஏறுவது புத்திசாலிகள் செய்கிற வேலை இல்லை. ஏறிப் போனால் ஏழடிப்பட்டம். சமண முனிவர்கள் படுக்கப் பாறையை வழவழவென்று செதுக்கிய படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போன்ற மேடு. ஒரு படுக்கையின் அருகே தமிழி எழுத்தில், அதாவது பழைய தமிழ் பிராமியில், கல்வெட்டு.

மலையின் இன்னொரு பக்கம் அறிவர் கோயில், பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில். விதானத்தில் தாமரைக் குளம்: மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். இந்தக் குடைவரையைப் புதுப்பித்தவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. பாதி ஓவியம் போய்விட்டது. மிச்சத்தைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும். நின்றேன். திரும்பும் வழியில் பொட்டல் வெளியில் பெரிய பெரிய கற்கள் கிடந்தன. ஏதோ குவாரிக்காரர்கள் விட்டுப்போனது என்று நினைத்துக் கடந்து வந்துவிட்டேன்.

மறுநாள் நல்ல வேளையாக இரண்டாம் சனி இல்லை. மியூசியம் திறந்திருந்தது.

1910இல், சமஸ்தானமாக இருந்த காலத்தில் தொடங்கியது. ஒரு ராஜா தன் சீமையில் இருந்ததையெல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது. பாடம் செய்த பறவைகள், பாறைகள், கனிமங்கள், வாள், ஈட்டி, செப்புத் திருமேனிகள், சமணச் சிற்பங்கள். கண்ணாடிக் கண்ணோடு முறைக்கும் மிருகங்களிடம் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கூட்டம் என்னவோ அங்கேதான்.

காசுகளில் எனக்குப் பிடித்தது அம்மன்காசு. சுண்டுவிரல் நகம் போன்ற செம்புப் பொட்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரி தானத்தில் அரிசியோடு சேர்த்துக் கொடுப்பார்களாம். இதே சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தழும்பு. அவற்றில் ஒரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பார்க்க விசா எடுக்க வேண்டும்.

அப்புறம்தான் முதுமக்கள் தாழிகளுக்கு வந்தேன். இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைகள். பெரிய கற்களை நட்டுப் புதைத்த பெருங்கற்காலத்து வட்டாரப் புதைகுழிகளில் கிடைத்தவை. வயிறு பெருத்த செம்மண் தாழிகள், அவற்றோடு வைத்த கறுப்பு சிவப்புச் சட்டிகள், துருவேறிய இரும்புத் துண்டுகள். தாழியைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கற்களை வட்டமாக நட்டிருப்பார்கள். கல்வட்டம்.

எனக்குச் சுருக்கென்றது. நேற்று நான் குவாரிக் கல் என்று தாண்டி வந்தது?

வெளியே வந்து முதலில் கண்ணில் பட்ட கடைக்காரரிடம் சித்தன்னவாசல் பக்கம் போகும் அன்னவாசல் பஸ் எப்போது என்று கேட்டேன்.