பழைய ரவுட்டர் செய்துகொண்டிருந்த உபகாரம்

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே நெட்வொர்க்குகளுக்கு இடையே பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) வழிநடத்திக்கொண்டிருந்த பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு, அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும் லேயர் 3 சுவிட்ச் ஒன்றைப் பொருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரியில் பஸ் பிடித்து, அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டிக் கடலூரில் இறங்கி, அங்கிருந்து சிதம்பரம் சாலையில் இன்னொரு பஸ். பையில் லேப்டாப், அதைச் சுவிட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள், அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம்.

வலையமைப்பு பெரிதில்லை. அலுவலகத்தில் ஒரு சுவிட்ச், வாசல் பக்கம் எடைமேடை அறையில் ஒரு சுவிட்ச், நடுவே ஃபைபர். சுவிட்சை உள்ளுக்குள்ளேயே தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் வீலேன்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரவுட்டர் வேலை செய்யும் ஒன்று வேண்டும். வீலேன் 10 அலுவலகமும் சர்வரும், 20 கணக்குப் பிரிவு, 30 எடைமேடை. கேமராக்களுக்காகப் புதிதாக 40.

முதல் தவறு என்னுடையது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எடைமேடை சுவிட்சுக்குள் நுழைந்து, டிரங்கில், அதாவது எல்லா வீலேனும் சேர்ந்து போகும் அந்த ஃபைபர் இணைப்பில், 40ஐ அனுமதிக்கும் கட்டளையை அடித்தேன். 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். அதை விட்டால் 40 பட்டியலில் சேராது. பழைய பட்டியல் அழிந்து 40 மட்டும்தான் மிஞ்சும். நான் உள்ளே போனதே வீலேன் 10 வழியாக. திரை அப்படியே உறைந்தது. கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வாசல்வரை நடந்தேன். இந்தத் தவறைச் செய்யாத நெட்வொர்க்காரர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் என் லேப்டாப்பை ஒவ்வொரு வீலேனிலும் சொருகிப் பார்த்தேன். எல்லாத் திசையிலும் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) போனது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். மேலாளர் மட்டும், "காலையில லாரி வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க தம்பி" என்றார். நல்ல வேளை.

திங்கள் காலை ஏழரைக்கு எடைமேடைக் கணினியிலிருந்து சர்வருக்கு எடை போகவில்லை. லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டின. சர்வரிலிருந்து அந்தக் கணினிக்குப் பிங் செய்தேன், பதில் இல்லை. ஆனால் சுவிட்சின் வீலேன் 30 முகவரியிலிருந்து செய்தால் உடனே பதில். ரவுட்டிங் அட்டவணையைப் பார்த்தேன், டிரங்கைப் பார்த்தேன், ஒவ்வொரு வீலேன் இன்டர்ஃபேசும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. கணினியின் ஃபயர்வாலை அணைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஒன்றரை மணி நேரம் சுவிட்சையே முறைத்துக்கொண்டிருந்தேன். கணினியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

எடைமேடை அண்ணன்தான் சொன்னார். "தம்பி, நெட்டு வருதே, யூடியூப்ல பாட்டு ஓடுது. நம்ம பில்லு மட்டும்தான் போகல."

அமெரிக்காவுக்குப் போகிற வழி தெரிகிறது, முன்னூறு மீட்டர் தள்ளியிருக்கிற சர்வருக்கு வழி தெரியவில்லை! அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து சர்வருக்குப் பிங் கொடுத்தேன். இடத்தை எட்ட முடியவில்லை என்று பதில் வந்தது. யாரிடமிருந்து என்று பார்த்தால், 192.168.30.15. அந்தக் கணினியின் முகவரியே அது. பாக்கெட் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

ஐபி அமைப்பைத் திறந்தேன். எந்த முகவரிகள் தன் நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று கணினிக்குச் சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.0.0. தொழிற்சாலை முழுக்க ஒரே நெட்வொர்க்காக இருந்த காலத்தில் யாரோ போட்டது. அந்த மாஸ்க் இருந்தால், 192.168 என்று தொடங்கும் எல்லா முகவரியும் தன் தெருவில்தான் இருக்கிறது என்று கணினி நம்பும். சர்வர் 192.168.10.5, அதற்குக் கேட்வேயிடம் (வெளி நெட்வொர்க்குக்கு வாசலான சுவிட்சிடம்) போகாது. "10.5 யாருப்பா?" என்று தன் வீலேனுக்குள்ளேயே கூவும். அந்தக் கூவல் வீலேனைத் தாண்டாது. இணைய முகவரிகள் 192.168இல் தொடங்காதவை, அதனால் அவை மட்டும் ஒழுங்காகக் கேட்வே வழியே போயின. சர்வரிலிருந்து நான் அனுப்பிய பிங்கும் கணினிவரை வந்துதான் இருக்கிறது; பதிலுக்குத்தான் திரும்பும் வழி இல்லை.

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி ஓடியது? பழைய ரவுட்டர் அந்தக் கூவலைக் கேட்டு, "நான்தான் 10.5" என்று தன் வன்பொருள் முகவரியான மேக் முகவரியைக் கொடுத்து, பாக்கெட்டை வாங்கி உரிய இடத்தில் சேர்த்திருக்கிறது. பிராக்சி ஆர்ப் என்பார்கள். 1987இல் வந்த ஆர்எஃப்சி 1027 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே இருக்கிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் நாம் கேட்காமலே இயங்கும். புது சுவிட்ச் வேறு கம்பெனி. அதில் அது அணைந்திருந்தது. என் லேப்டாப்பில் மாஸ்க் சரியாக இருந்ததால் முந்தின நாள் சோதனை எனக்கு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

மாஸ்க்கை 255.255.255.0 ஆக்கியதும் எடை போனது. முதல் லாரி நகர்ந்தது. அண்ணன் டீ வாங்கி வரச் சொன்னார்.

எங்கள் சீனியரிடம் போனில் சொன்னேன். "பிராக்சி ஆர்ப்பைப் போட்டுட்டு பஸ்ஸைப் பிடிப்பா" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தப்பான மாஸ்க் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று இப்போது தேடாவிட்டால் எப்போது தேடுவது? அந்த வீலேனில் கையால் ஐபி போட்ட கருவிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு பிரின்டர், இன்னும் இரண்டு கணினி. எல்லாவற்றையும் திருத்தினேன். கடைசியாக வாசலில் தொழிலாளர்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவி. கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டதாம். அழித்துப் புதிதாக அமைத்தால் எல்லோருடைய கைரேகையும் போய்விடும்.

அந்த ஒன்றுக்காக வீலேன் 30இல் மட்டும் பிராக்சி ஆர்ப்பைப் போட்டேன். காரணத்தை ஒரு தாளில் எழுதி, சுவிட்ச் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். போன வருஷம் வேறு வேலையாகப் போனபோது கதவைத் திறந்து பார்த்தேன். கீல்களை உப்புக்காற்று தின்றிருந்தது, தாளில் பாதி எழுத்து மங்கியிருந்தது. அந்தக் கருவி இன்னும் அதே மாஸ்க்கோடு வேலை செய்கிறது.